பேர் சொல்லாதது

மதுரை,
தை மாதம், சனிக்கிழமை காலை

மகளுக்கு எழுதிக்கொண்டது. நான் வாய் மூடியிருந்தது போதும் என்று நேற்றுச் சாயங்காலம் தீர்மானித்தேன். இங்கே உன் தாயும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே பம்பாயில் நீயும் ஆண்டிச்சாமியும் குழந்தையும் சுகமா என்று இந்த இடத்தில் கேட்பது வழக்கம், நானும் கேட்கிறேன், வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. பீர் முகமது வாங்கிக் கொடுத்த கறுப்பு உருண்டையில் குழந்தைக்கு இனி ஒரு துளியும் கொடுக்காதே. அது வசம்பு இல்லை, அபினி. இத்தோடு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் மூச்சைப் பார், உள்ளங்காலைச் சுண்டிவிட்டு அழுகிறதா என்று பார், பார்த்துவிட்டு வந்து மீதியைப் படி.

அடுத்த வீட்டு மைதீன் பீவியின் மகன் பீர் முகமது தன் தங்கையின் நிக்காஹுக்காக ஊர் வந்திருப்பது உனக்குத் தெரியும். நேற்று விளக்கு வைத்ததும் உன் தாயைப் பார்க்க வந்தான். அவர்கள் உன்னைப் பற்றிப் பேசும்போது நான் பேப்பர் படிப்பது வழக்கம், நேற்றும் அப்படித்தான் இருந்தேன். அவன் வந்ததும் வராததுமாக, "அத்தை, ஒங்க பேத்தி இப்ப அம்புட்டுச் சமத்து. முன்னெல்லாம் விடிய விடியக் கத்தி அக்கம்பக்கத்து ரூம்காரனையெல்லாம் எழுப்பி விட்டுரும். இப்பக் கண்ணே முழிக்கிறதில்ல, பாலுக்குக்கூட அக்காதேன் தட்டித் தட்டி எழுப்ப வேண்டியிருக்கு" என்றான். உன் தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "நான் சொல்லிவிட்ட மருந்து சும்மாவா தம்பி" என்றாள். நான் பேப்பரை மடக்கி வைத்தேன். எந்த வசம்பும் கைக்குழந்தையைப் பாலுக்குக்கூட முழிக்காதபடி தூங்க வைக்காது.

என்ன வாங்கினாய், எங்கே வாங்கினாய் என்று அவனைக் கேட்டேன். நான் கேட்டதே அவனுக்கு ஆச்சரியம். "மாமா, போன தடவை நான் பம்பாய்க்குக் கிளம்புறப்ப அத்தை, பேர் சொல்லாததை உரசி நாக்குல தடவச் சொல்லுப்பான்னாக. பேர் சொல்லாததுன்னா என்னான்னு எனக்கென்ன தெரியும், எனக்கென்ன புள்ளையா குட்டியா. அக்காகிட்டச் சொன்னேன், வாங்கிட்டு வாடான்னுச்சு. கடைக்காரன்கிட்ட, பச்சப்புள்ள தூங்குறதுக்கு, பேரை வெளிய சொல்லக்கூடாத சாமான்னு இந்துஸ்தானியில கேட்டேன். அவன் இங்கிட்டும் அங்கிட்டும் பாத்தான், சிரிச்சுக்கிட்டே பெட்டிக்கு அடியிலருந்து எடுத்துக் குடுத்தான். பரவாயில்லையே, நம்ம ஊர்ப் பழக்கம் பம்பாய் வரைக்கும் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன்" என்று சிரித்தான். வேறொரு வீட்டில் இதைக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நீ எட்டாவது வரை படித்தவள். வசம்பு என்பது ஒரு வேர், விளக்கு வைத்த பிறகு பெண்கள் அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள், பேர் சொல்லாதது என்பார்கள் என்று உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதை விளக்கில் சுட்டுக் கரியாக்கிப் பாலில் உரசுவார்கள். நீ கண்டதெல்லாம் அந்தக் கறுப்பு மை ஒன்றுதான் போலிருக்கிறது, வேரைக் கண்ணால் பார்த்ததில்லை. அபினியைப் பாலில் கரைத்தாலும் கறுப்பாகத்தான் இருக்கும், குழந்தையும் தூங்கும், மருந்து சரிதான் என்று இருந்துவிட்டாய். இதில் யாரைக் குறை சொல்வது என்று ராத்திரி முழுதும் யோசித்தேன், பீர் முகமதுவைத் தவிர எல்லோரையும் சொல்லலாம்.

அவன் போன பிறகு உன் தாயிடம் நேராகப் பேசினேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவளிடம் நேராகப் பேசியது இதுதான் முதல் தடவை, சோறு வேண்டும் என்றால்கூடச் சுவரைப் பார்த்துச் சொல்கிறவன் நான். "நீ சொல்லிவிட்டது வசம்புதானே?" என்று கேட்டேன். அவள் பதறிக்கொண்டு என் வாயைப் பொத்த வந்தாள். "விளக்கு வச்சப்பெறகு அந்தப் பேரைச் சொல்லாதீக, புள்ளைக்கு ஆகாது" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் அடுப்படியில் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. "நான் என்ன செஞ்சேன், பேரைத்தானே சொல்லல, பேரைத்தானே சொல்லல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போனேன். விடிந்ததும் வண்டியூர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளப் போயிருக்கிறாள்.

அவளும் அவள் அண்ணனும் சேர்ந்து செய்ததை நான் மறக்கவில்லை. நான் ஆபீஸ் வேலையாக மேலூரில் காம்ப் போயிருந்தபோது பரவையில் வைத்து அவர் மகனுக்கு உன்னைக் கட்டி வைத்தார்கள். நான் வண்டியை விட்டு இறங்கும்போது உன் கழுத்தில் தாலி இருந்தது. உன் மாமன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, முகூர்த்தம் தப்பிரும்னுதேன் காத்திருக்கல, கோவிச்சுக்கிராதீக, இலை போட்டிருக்கு, சாப்பிட வாங்க" என்றார். பெற்றவனுக்கு வந்த கடைசி அழைப்பு பந்திக்குத்தான். இனி இந்தக் குடும்பத்துக்குப் போகிற எந்தக் காகிதத்தின் அடியிலும் என் பேர் இருக்காது என்று பந்தல் நடுவில் நின்று சொன்னேன். நீ தலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். அன்றிலிருந்து இந்த வீட்டில் உன் பேரையும் நான் சொல்வதில்லை. உன் குழந்தைக்கு என்ன பேர் வைத்தாய் என்று கேட்கவும் இல்லை.

ஆனால் கள், சாராயம், அபினிக்கு வரி வாங்கும் அப்காரி ஆபீசில் வேலை பார்க்கிறவன் நான், அந்தக் கறுப்பு உருண்டை எனக்கு அன்றாடம் பழகிய சாமான். மேலூர்ப் பக்கம் ஒரு காம்பில், கல்லுடைக்கப் போகிற ஒருத்தி தன் பிள்ளையை மரத்து நிழலில் தூளி கட்டிப் போட்டிருந்தாள். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் தூங்கட்டும் என்று ஒரு கடுகளவு கொடுத்தாளாம். நாங்கள் வேறு சோலியாகப் போனோம். எங்களைக் கண்டதும், "எம்புள்ள அழுது நீங்க பாத்திருக்க மாட்டீக சாமி" என்று தூளியை விலக்கிக் காட்டினாள். எங்களோடு வந்த சேவகன்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்கு இன்னும் தெரியவில்லை. இதை உன்னைப் பயமுறுத்தத்தான் எழுதுகிறேன், பயப்படு.

நேற்றே ஒரு தந்தி அடித்தாயிற்று, மருந்தை நிறுத்து, கடிதம் வருகிறது என்று, அனுப்புகிறவன் பீர் முகமது என்று போட்டு. அது உன் கைக்கு வந்திருக்கும். ஆனாலும் குழந்தை வீறிட்டு அழும்போது தந்தி ஞாபகம் நிற்காது, காரணம் தெரியாமல் மறுபடி தடவிவிடுவாய் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். நீயாக எதுவும் செய்து பார்க்காதே, இது வந்த அன்றைக்கே ஆண்டிச்சாமி மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு உன்னோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வரட்டும். மிச்ச உருண்டையைச் சாக்கடையில் போட்டுவிடாதே, டாக்டரிடம் காட்டு, எம்மாத்திரம் கொடுத்தாய், எத்தனை வேளை என்று மறைக்காமல் சொல். திட்டுவார்கள், திட்டட்டும். நிறுத்திய பிறகு முன்னைவிடப் பலமாக அழும், மூக்கு ஒழுகும், வயிறு போகும், கைகால் உதறும். அது மருந்து கேட்டு அழுகிற அழுகை. டாக்டர் சொல்கிறபடி செய், அக்கம்பக்கத்தார் சுவரைத் தட்டுகிறார்கள் என்று இரங்கிவிடாதே. தட்டுகிறவன் யாரும் உன் பிள்ளையைத் தூக்க வரமாட்டான்.

பிறகு தூக்கம் தானாக வரும், தாமதமாகும், அவ்வளவுதான். பகலில் வெளிச்சத்தில் வைத்துக்கொள், பேச்சுக்கொடு. சாயங்காலம் வெதுவெதுப்பாக உடம்பு துடைத்து, பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வந்த பிறகு விளக்கைத் தணித்துக் கிடத்து. தினமும் இதே வரிசையில் செய், வரிசை பழகினால் குழந்தைக்கு ராத்திரி எது என்று புரியும். நடுவில் எழுந்தால் கொஞ்சாதே, சிரிப்புக் காட்டாதே, இருட்டிலேயே பால் கொடுத்துக் கிடத்து. ஒரு பொழுது உன் புருஷனும் தூக்கி நடக்கட்டும், அதில் ஆம்பிளைக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நீயும் தூங்காத பிள்ளைதான். நான் டிபார்ட்மெண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம், உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அப்காரி விதிகளை மெதுவாக ஒப்பித்தபடி நடப்பேன். கள் இறக்கும் மரங்களுக்கான மரவரி விதிகள் முடிவதற்குள் தூங்கிவிடுவாய். பரீட்சையில் எனக்கு அந்தப் பகுதி மட்டும்தான் நன்றாக வந்தது. நன்றி கேட்டு இதைச் சொல்லவில்லை, விதி எதுவானாலும் குரல் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று சொல்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. தெப்பத்துக்காகத் தெப்பக்குளத்தில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். உன் மாமனுக்கு முழங்கால் வீக்கம் என்று கேள்வி, நான் போய்ப் பார்க்கவில்லை, போகவும் மாட்டேன். நீயும் உன் குழந்தையும் ஆயுசோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசீர்வாதம் எழுத எனக்கு வரவில்லை. பதில் நீளமாக வேண்டாம். ஒரு கார்டில், அழுகிறது என்று மட்டும் எழுது. அந்த ஒரு சொல் வரும்வரை உன் தாய் அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். இடம் இருந்தால் குழந்தையின் பேரையும் எழுது.

எங்கள் ஆபீசில் கையெழுத்து இல்லாத காகிதத்தை யாரும் மதிப்பதில்லை, குப்பைக்குப் போகும். இதை நீ அப்படிச் செய்துவிடாதே. பந்தலில் சொன்ன சொல்லை நான் மாற்றவில்லை, இதன் அடியில் என் பேர் வராது, இப்படியேதான் பெட்டியில் போடப்போகிறேன். உறையின் மேல் மாயக்காள் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன். உன் பேர் இல்லாமல் தபால் போகாது.