மாமன் வந்து இறங்க ஒரு விமானம்

மார்ச் 11, செவ்வாய்

மழை. ஹம்பேர்க்கில் வேறு என்ன.

அத்தான் விமானம் வாங்கப் போகிறார். பகிடி இல்லை. பழசு. ஒற்றை எஞ்சின், டர்போப்ராப். எட்டுப் பேர் இருக்கலாம். இப்போதைய சொந்தக்காரர் ஒரு பல் வைத்தியர். அத்தானின் உறைந்த மீன் வியாபாரம் அந்த அளவுக்குப் போகிறது போல.

அவசரம் ஏன்? ஏப்ரலில் லண்டனில் அவருடைய தங்கச்சி மகளுக்குச் சாமத்திய வீடு, பூப்பு நீராட்டு விழா. இவர்தான் தாய்மாமன். போன வருசம் வேறொரு வீட்டில் பிள்ளையை ஹெலிகொப்டரில் இறக்கினார்களாம். "அப்ப மாமன் மலிவு டிக்கெட்டிலை போய் நிக்கேலுமே?"

அக்கா, அவர்களின் ஐந்து வயது மகள் மீரா, நான், எல்லாரும் அதில்தான். ஓட்டுவது அத்தான். கையில் இருப்பது சின்ன விமானத்துக்கான லைசென்ஸ் மட்டும். இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். "மூண்டு கிழமை காணும்." மூன்று வாரத்தில் பழகிவிடுவாராம்.

வெள்ளி பறந்து பார்க்க என்னையும் கூப்பிடுகிறார். நான் விமான மெக்கானிக் அவுஸ்பில்டுங்கை, அந்தத் தொழிற்பயிற்சியை, இரண்டாம் வருசத்தில் விட்டவள். அரை மெக்கானிக்.

வாங்க: பால், ஷாம்பூ.

மார்ச் 14, வெள்ளி

வெயில். காற்று. விமானம் நல்ல வடிவு. வெள்ளை, நீள மூக்கு. எண்ணெய் ஒழுக்கு இல்லை. எஞ்சினின் உள்ளே பார்க்க வேறு ஆள் வேண்டும் என்றேன். அத்தான் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

பல் வைத்தியரின் விமானி ஊட்டே. அறுபது வயது, வாயில் சுவிங்கம். அத்தான் இடது பக்கம், அவள் வலது, நான் பின்னால். மேலே எல்லாம் சோக்கு.

இறங்கும்போது வேகம் விழுந்தது. எச்சரிக்கை ஒலி. "நான் எடுக்கிறேன்" என்றாள் ஊட்டே. அப்படிச் சொன்னால் மற்றவர் ஓட்டும் பிடியிலிருந்து கையை எடுக்க வேண்டும். அத்தான் எடுக்கவில்லை. கத்தினாள். எடுக்கவில்லை. கீழே மரங்கள். கிளை கிளையாகத் தெரிந்தது. அவருடைய மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். அதற்குப் பிறகுதான் விமானம் எழும்பியது. இறக்கியது அவள்.

ஊட்டே, கழிப்பறை வாசலில் என்னிடம்: "பழக்கலாம். ஆனால் மூன்று கிழமையில், குடும்பத்தோடு? நான் ஏறமாட்டேன்." தன் நம்பரையும் தந்தாள்.

காரில் அத்தான்: "அக்காட்டை வாய் திறக்காதை."

"அத்தான், மரத்திலை முட்டப் பாத்தனாங்கள்."

"அது காத்து. நீ எல்லாத்தையும் பாதியிலை விட்டிட்டு வாறனீ. உனக்கென்ன தெரியும்?"

நான் இருப்பது அவர் வீட்டில். வேலை அவர் கடையில். வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

அத்தானின் மணிக்கட்டு நீலம்.

அக்கா: "என்னப்பா இது?"

"கார்க் கதவு." அத்தான் என்னைப் பார்த்தார். நான் இடியப்பத்தைப் பார்த்தேன்.

மீரா சோபாவில் விமானி. "எல்லாரும் பெல்ட்டைப் போடுங்கோ!"

ஷாம்பூ மறந்தாச்சு.

மார்ச் 16, ஞாயிறு

மூடுபனி. நாளை கையெழுத்து.

அக்கா இப்போதே பெட்டி அடுக்குகிறாள். மீராவின் பச்சைப் பாவாடை மேலே.

"நீயும் அதிலை வாறாய்தானே?"

"இல்லை. நான் ரெயினிலை வாறன்."

"ஏனடி?"

வாசலில் அத்தான். சொல்லிவிட்டேன். "அது கார்க் கதவில்லை அக்கா. அந்த விமானி மனுசி அடிச்சது. அடிச்சிருக்காட்டி நாங்கள் ரெண்டு பேரும் இண்டைக்கு இல்லை."

"வாயைப் பொத்து! ஒரு அவுஸ்பில்டுங்கை முடிக்க ஏலாதவள்..."

"ஓம், நான் விட்டிட்டு வந்தனான். நீங்கள் பிடியை விடேல்லை அத்தான். அதுதான் பயம்."

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். இல்லை. அவருடைய கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்து அலுமாரியில் தொங்கவிட்டாள்.

"வாங்கிறதெண்டால் வாங்குங்கோ. ஆனா ஓட்டுறது தெரிஞ்ச ஆளா இருக்கவேணும். பின் சீற்றிலை இருந்து வந்தாலும் நீங்கள்தான் மாமன்."

அத்தான் கட்டில் ஓரத்தில் இருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல்: "அந்த மனுசியின்ரை நம்பர் உன்னட்டைக் கிடக்கோ?"

கொடுத்தேன். போன் அடித்தார். ஊட்டே எடுக்கவில்லை. திரும்ப அடிக்கிறார். பாவாடை இன்னும் அலுமாரியில்.