பதினான்காவது வளையம்

அன்புள்ள மேஸ்திரியின் அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்கள் உடம்பும் வேலையும் எப்படி இருக்கின்றன? வெள்ளிக்கிழமை வந்தால் உங்கள் மகனைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் போடுவது என் வழக்கம். இந்த வாரம் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

முதலில் நல்ல சேதி. சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறான். ஒன்று மேலே, ஒன்று கீழே மாறிப்போகிறது; திருத்தப் போனால் கையைத் தட்டிவிடுகிறான். இருமல் நின்றுவிட்டது. கட்டை அடுக்கும்போது மற்ற பிள்ளைகளை வேலை வாங்குவது மட்டும் குறையவில்லை. சும்மாவா மேஸ்திரி என்று பெயர் வைத்தோம்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். புதன்கிழமை போனில் அவன், "டீச்சர் காணாமப் போயிட்டாங்க, நான்தான் கண்டுபுடிச்சேன்" என்றானாம். இது என்ன புது விளையாட்டு என்று செய்தி அனுப்பிக் கேட்டிருந்தீர்கள். ஆமாம், விளையாட்டுதான் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. அப்படி எழுதிய தாளைத்தான் முதலில் கிழித்தேன்.

நடுவில் எழுந்து போய் வண்ணத் தூரிகைகளைக் கழுவிவிட்டு வந்தேன். ஏற்கெனவே கழுவி வைத்தவைதான்.

செவ்வாய்க்கிழமை நானும் ஆயாவும் பதினான்கு பிள்ளைகளையும் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். பதினான்கு வளையங்கள் தைத்த நீளக் கயிறு ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு வளையத்துக்கு ஒரு கை. திரும்பும்போது தலைகளை எண்ண வேண்டும். நானோ சாலையில் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே, வெறும் வளையம் ஏதாவது தொங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன். தொங்கவில்லை. கிளம்பிவிட்டோம். பொம்மையைக் கீழேயே வைக்காத சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவள் தன் பொம்மையின் கையையும் பொறுப்பாக ஒரு வளையத்தில் மாட்டியிருந்தாள்.

பள்ளிக்கு வந்து பிள்ளைகள் கை கழுவியபோது மேஸ்திரியின் துண்டு மட்டும் நனையாமல் தொங்கியது. மற்றவர்களை ஆயாவிடம் விட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அவன் சறுக்குமரத்தின் அடியில் குனிந்து என்னைத் தேடிக்கொண்டிருந்தான். "எங்க போனீங்க டீச்சர்? எவ்ளோ நேரம் தேடுறது?" என்று என்னை அதட்டினான். பதினோரு நிமிடம் அவன் அங்கே தனியாக இருந்திருக்கிறான்.

எங்கள் பொறுப்பாளர் அம்மா, "ஒரு கீறல்கூட இல்லையே, வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றார். மாலையில் உங்கள் வீட்டுக்காரர் வந்தபோது சொல்லத்தான் வாயெடுத்தேன். பொத்தான் விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டில் இருப்பதே மூன்று பேர். அவர்களையும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

இதை எழுதப்போகிறேன் என்று இன்று பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன். "எழுதினா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல" என்றார். சரி என்றேன். இன்று மாலை உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுவேன்.

இப்போது ஒவ்வொரு தலையாகத் தொட்டுத்தான் எண்ணுகிறேன். மேஸ்திரி கயிற்றைப் பிடிப்பதில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு, வாசல் வரும்வரை விடமாட்டேன் என்கிறான். பயத்தில் பிடிக்கிறான் என்று நினைத்தேன். இல்லை, நான் மறுபடி தொலைந்துவிடக் கூடாதாம்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். வேறு பள்ளியில் சேர்ப்பதென்றாலும் நான் குறுக்கே பேச மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி போனில் அவன் மறுபடி அந்தக் கதையைச் சொன்னால், திருத்திவிடாதீர்கள். கெட்டிக்காரன், டீச்சரைக் கண்டுபிடித்துவிட்டாயே என்று சொல்லுங்கள். தன்னை ஒருத்தி விட்டுவிட்டுப் போனாள் என்பது அவனுக்குத் தெரியவே வேண்டாம்.

நீங்களும் அவனும் சீக்கிரம் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்வரையாவது
அவனுடைய டீச்சர்