இருக்கை இல்லாத சைக்கிள்

செப்டம்பர் 24

காலையில் சந்தை. தாமரைத் தண்டு நன்றாக இருந்தது. திரும்பி வந்து சைக்கிளைக் கட்டடத்தின் கீழே நிறுத்தி, இரண்டு பூட்டுப் போட்டு, வழக்கம்போல இருக்கையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். கீழ்வீட்டுக் குவோ படியில் பார்த்துவிட்டாள். "என்ன தாங் அக்கா, இன்னிக்கும் தலையைக் கொய்துக்கிட்டு வந்தாச்சா?"

அவளுக்கென்ன, பேசுவாள். பஞ்சாலையில் வேலை பார்த்தபோது என் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகத் திருட்டுப் போயின. ஒருமுறை இருக்கையை மட்டும் திருடிக்கொண்டு போனான் ஒருவன். ஆலையிலிருந்து வீடுவரை நின்றபடியே மிதித்து வந்தேன். அன்றிலிருந்து இருக்கை என்னோடுதான் வீட்டுக்கு வரும். அதன்பிறகு ஒரு சைக்கிளும் போகவில்லை. உட்கார இடம் இல்லாத வண்டியை எவன் தொடுவான்? போதாததற்கு ஆலையில் கிடைத்த நீலப் பூத்துணியைக் கிழித்துச் சட்டம் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். பார்க்கவே அவலட்சணமாக இருக்கும். அதுதான் எனக்கு வேண்டும். மிச்சத் துணியில் இருக்கைக்கு உறை தைத்தேன். அது மட்டும் அழகு.

கைப்பிடியில் யாரோ ஒரு மஞ்சள் தாளைக் கட்டியிருந்தார்கள். குழாய் அடைப்பு எடுக்கிறவன் விளம்பரமாக இருக்கும். சக்கரத்துச் சேற்றைத் துடைக்க உதவியது.

செப்டம்பர் 26

மகன் வெய்பின் பேசினான். மறுபடியும் அதே பேச்சு. எழுபத்து மூன்று வயதில் சைக்கிள் எதற்கு, பதினெட்டாம் மாடிக்கு எங்களோடு வந்துவிடு, லிப்ட் இருக்கிறது, கால் தரையில் படவேண்டாம். கால் தரையில் படாமல் இருக்க நான் என்ன கொக்கா?

கடைசியில் ஒரு பேரத்துக்கு வந்தான். "இந்த சைக்கிள் இருக்கிற வரைக்கும் ஓட்டு. இது தொலைஞ்சா இன்னொண்ணு கிடையாது. பொட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்துடணும்." சரி என்றேன். தொலைந்தால்தானே.

செப்டம்பர் 28

ஷூயுன் வந்தாள்! என் பேத்தி, வெய்பினின் மகள். ஷென்ஜென் நகரத்தில் பொறியாளர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். ஐந்தாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவளின் பேத்தி. இதைச் சந்தையில் மீன்காரியிடம் ஒரு முறைதான் சொன்னேன். குவோ, ஒன்பது முறை என்கிறாள்.

வரும்போது எனக்கென்று ஒரு பொருள் வாங்கி வந்திருந்தாள். தீப்பெட்டி அளவு. அதைச் சைக்கிளில் வைத்துவிட்டால், சைக்கிள் எங்கே போனாலும் அவளுடைய போனில் ஒரு நீலப் புள்ளி தெரியுமாம். ஷென்ஜெனில் உட்கார்ந்துகொண்டு பார்க்கலாமாம்.

"ரெண்டு பூட்டு இருக்கு, துணி சுத்தியிருக்கு, இது வேற எதுக்கு?" என்றேன். "பூட்டு, போகாம பார்த்துக்கும் பாட்டி. இது, போனதுக்கப்புறம் தேடிக் கொடுக்கும்" என்றாள். போகாமல் இருப்பதை விட்டுவிட்டு, போன பிறகு தேடுவதற்கு இத்தனை படிப்பா? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

நாங்கள் சந்தைக்குப் போனோம். நான் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் சைக்கிளோடு நின்று எங்கேயோ ஒளித்துவிட்டாள். எங்கே என்று எவ்வளவோ கேட்டேன். "சொல்ல மாட்டேன். தெரிஞ்சா நீ உன்கூட மாஜாங் காய் ஆடுற எல்லார்கிட்டயும் காட்டுவே." என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

நாளை நிலாப் பண்டிகை விடுமுறைக்கு மகன் வீடு. ஷூயுன் முன்னாடியே அங்கே கிளம்பிப் போன பிறகு, இருக்கையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டேன்.

அக்டோபர் 6

மகன் வீடு. நிலாப் பலகாரம், நண்டு, அதிகமாகச் சாப்பிட்டுவிட்டேன். பதினெட்டாம் மாடியிலிருந்து நிலா பெரிதாகத்தான் தெரிகிறது, மனிதர்கள்தான் தெரிவதில்லை.

சாப்பாட்டு மேசையில் ஷூயுன் புள்ளியை எல்லாருக்கும் காட்டினாள். பாட்டி வீட்டிலேயே இருக்கிறது, வந்த நாளிலிருந்து ஒரு அடிகூட நகரவில்லை என்றாள். வெய்பின், நகராத சைக்கிளுக்குக் காவல் எதற்கு, அந்தக் காசுக்கு இன்னும் நண்டு வாங்கியிருக்கலாம் என்றான். எனக்கோ பெருமை தாங்கவில்லை. என் வித்தையும் பேத்தி வித்தையும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று சொன்னேன்.

அக்டோபர் 9

சைக்கிள் இல்லை.

அக்டோபர் 9, இரவு

பெட்டியோடு வந்து இறங்கியதும் முதலில் அங்கேதான் பார்த்தேன். வெறும் சிமெண்டுத் தரை. கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. என் பூட்டுகளில் ஒன்றின் துண்டு கிடந்தது, அறுத்திருக்கிறார்கள். ஷூயுனைக் கூப்பிட்டேன். அவள் போனைப் பார்த்துவிட்டு, பாட்டி, அங்கேயேதான் இருக்கிறது, நன்றாகப் பார் என்றாள். எங்கேடி பார்ப்பேன்? இல்லாத இடத்தைத்தானே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்?

அப்பாவிடம் சொல்லாதே என்றேன். சொல்ல மாட்டேன் என்றாள். அவளும் அழுகிற குரலில்தான் இருந்தாள்.

பதினெட்டாம் மாடி. நினைத்தாலே தலை சுற்றுகிறது. காலையில் கண் விழித்தால் மேகம். சந்தை இல்லை, மீன்காரி இல்லை, இந்த வாயாடி குவோகூட இல்லை. மகன் கெட்டவன் இல்லை. ஆனால் அங்கே நான் என்ன செய்வேன், லிப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பேனா?

அக்டோபர் 10

இன்று நடந்ததை எழுதாவிட்டால் வயிறு வெடிக்கும்.

காலையிலும் புள்ளி இங்கேயே நின்றது. புள்ளிக்கு இடம்தான் தெரியும், மாடி தெரியாதாம். ஆகவே இந்தக் கட்டடத்திலேயே யாரோ ஒருவர் வீட்டுக்குள் என் சைக்கிள் இருக்கிறது! நேராகக் கீழே போய்க் குவோவின் கதவைத் தட்டினேன். உன் வீட்டை ஒருமுறை பார்க்கலாமா என்று தன்மையாகத்தான் கேட்டேன். அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"அக்கா, என் வீட்டுல சைக்கிள் நிறுத்த இடம் இருந்தா, முதல்ல என் புருஷனை உள்ள விட்டிருப்பேன்."

அது உண்மைதான். அவள் கணவர் சிகரெட் பிடிப்பதால் பாதி நாள் கட்டட வாசலில் முக்காலி போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

என்னைத் திட்டிக்கொண்டே தேடுவதற்கு அவளும் கூட வந்தாள். மொட்டை மாடிவரை பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஷூயுன் போனில் சொன்னாள்: அந்தப் பொருளை இங்கிருந்தே கத்த வைக்க முடியும், இரண்டு பேரும் பேசாமல் நில்லுங்கள். குவோவைப் பேசாமல் நிறுத்துவதுதான் பெரிய பாடு.

எங்கேயோ கீச் கீச் என்றது. குளிருக்கு வீட்டுக்குள் வந்த சிள்வண்டு என்றாள் குவோ. சத்தத்தின் பின்னாலேயே போனோம். படியேறி, என் வீட்டு வாசல், என் கதவு, கதவுக்குப் பின்னால்...

என் இருக்கை. நீலப் பூ உறைக்குள் உட்கார்ந்துகொண்டு கத்துகிறது.

போனில் ஷூயுன் மெல்லக் கேட்டாள்: "பாட்டி... சீட்டை மாடிக்கா கொண்டு போவே?" தினமுமா என்றாள். பூட்டிலேயே திருப்தி அடைகிறவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். எந்தத் திருடனும் கழற்ற நினைக்காத இடமாகத் தேடித் தேடி ஒளித்திருக்கிறாள். திருடன் கழற்றவில்லை. நான்தான் தினமும் கழற்றினேன்!

குவோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சைக்கிள் ஞாபகம் வந்தது. சைக்கிள் இல்லைதானே. அழுதுவிட்டேன்.

சத்தம் கேட்டு அவள் கணவர் மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அந்தத் துணி சுத்தின சைக்கிளா? அதை யாரும் திருடலயே. விடுமுறைக்கு முன்னால சிவப்புச் சட்டைக்காரங்க வந்து செத்த சைக்கிளையெல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. சீட்டே இல்லாம நின்னுச்சு, நீங்களும் பொட்டியோட கிளம்பிட்டீங்க, அதைத் தலைமுழுகிட்டீங்கன்னு நினைச்சேன்."

குடியிருப்புக் குழுவின் தொண்டர்கள். நகரத்தில் சுத்தம் பார்க்க ஆள் வருகிறார்களாம். கேட்பாரற்ற சைக்கிள்களில் மஞ்சள் தாள் கட்டி, சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மஞ்சள் தாள். அதில்தான் நான் சேறு துடைத்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவள், எழுத்துக் கூட்டாமலே வாசிப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள்.

அக்டோபர் 11

இருக்கையைத் தூக்கிக்கொண்டு குவோவும் நானும் பேருந்தில் போனோம். கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு கொட்டடி. மலைபோலச் சைக்கிள்கள். நாளை மறுநாள் பழைய இரும்புக்குப் போகிறதாம். என்னுடையது அடியில் கிடந்தது. நீலப் பூ தெரிந்ததும் என் கால் தானாக ஓடியது.

அங்கே இருந்த இளைஞன் மரியாதையானவன்தான். ஆனால் ரசீது கேட்டான். இருபது வருடத்துக்கு முந்தைய சைக்கிளுக்கு எங்கே போவது ரசீதுக்கு? பையிலிருந்து இருக்கையை எடுத்தேன். உறையின் பூவையும் சட்டத்தில் சுற்றிய பூவையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். அவன் குனிந்து இரண்டையும் தடவிப் பார்த்தான். வண்டியை வெளியே இழுத்து, இருக்கையைக் குழாய்க்குள் இறக்கினேன். இத்தனை வருடப் பழக்கம், சத்தமில்லாமல் இறங்கியது. திருகை முறுக்கினேன். காற்று குறைவாக இருந்தது, பரவாயில்லை. ஏறி அந்தக் கொட்டடியை ஒரு சுற்றுச் சுற்றி, அவன் எதிரே வந்து மணி அடித்தேன். நேரம் பார்த்து இருக்கைக்குள்ளிருந்தும் கீச் என்றது. ஷூயுன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு அவன் சொன்னான்: "பாட்டி, இனிமே சீட்டைக் கழட்டாதீங்க. சீட்டு இருந்தாத்தான் சைக்கிள் உயிரோட இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்."

குவோவைப் பின்னால் ஏற்றிக்கொள்ளவா என்று கேட்டேன். உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்று பேருந்து ஏறிவிட்டாள்.

அக்டோபர் 12

வெய்பினுக்கு நானே சொல்லிவிட்டேன். தொலைந்தது, கிடைத்தது, இரண்டையும். பேரத்தில் கிடைத்தால் என்ன என்று பேசவில்லையே? அவன் போனை வைத்துவிட்டான்.

அக்டோபர் 18

ஷூயுன் போனில் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, அந்தப் பொருளை வேறு இடத்துக்கு மாற்றினேன். சட்டத்தில் சுற்றிய துணிக்கு உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். என் தையலைப் பிரிப்பதற்குத் திருடன் பஞ்சாலையில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

நல்லதா, வீண்செலவா என்று மாஜாங் மேசையில் கேட்டார்கள். நான் யோசித்துத்தான் சொன்னேன்: சைக்கிளோடு இருந்தால் நல்லது. எங்கே தைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. குவோவிடம் மட்டும் சொன்னேன். மீன்காரியிடமும்.

வெய்பின் இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 26

சந்தைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினேன். இருக்கையைக் கழற்றவில்லை. கை அதுவாகத் திருகுக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எள்ரொட்டி வரிசையில் போய் நின்றேன்.

போன் அடித்தது. வெய்பின்.

"அம்மா, எள்ரொட்டிக் கடை வாசல்லதானே நிக்கிறே?"

நான் சொல்லவே இல்லை. குவோவும் ஊரில் இல்லை. ஷூயுனின் நீலப் புள்ளி அவன் போனுக்கும் வந்துவிட்டது போல.

"உன் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா. நடந்து வந்தா ஆறிப்போயிடும். சைக்கிள்லயே வந்துடு. மெதுவா வா."

இருக்கை இல்லாததால் பையில் நிறைய இடம் இருந்தது. ஆறு வாங்கினேன்.