கட்டைவிரல் அனுப்பாதே, நாலு வரி எழுது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது கடிதத்துக்கு வழக்கம், ஆனால் நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் தெரிய வேண்டும் என்றே கேட்கிறேன். இதை எழுத உட்கார்ந்தது திங்கட்கிழமை, இன்று புதன், ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் வருகிறது. அதற்குமேல் எழுதினால் அரம் பிடித்த கை பேனாவையும் அரம் என்று நினைத்துத் தாளைக் கிழித்துவிடுகிறது. ஆனாலும் இதில் இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை கண்ணு. மனசில் இருக்கிறதைத் தாளில் இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தால், வைத்தது வைத்தபடியே இருக்கிறது. அறுபத்தேழு வருஷம் இந்த வசதி இல்லாமல் எல்லாவற்றையும் தலையிலேயே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன் பார்.

மாலை வகுப்பில் சேர்ந்தபோது டீச்சர் ஆடு, ஆறு என்று ஆரம்பித்தார். எனக்கு ஆடும் வேண்டாம் ஆறும் வேண்டாம், என் மகள் தினமும் காலையில் இன்டர்நெட்டில் ஒரு குறிப்பு எழுதுகிறாள், கம்ப்யூட்டரையும் போனையும் எப்படிப் பயன்படுத்துவது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறாள், அதைப் படிக்கிற அளவுக்கு வந்தால் போதும் என்று சொன்னேன். எட்டு மாதம் ஆனது. நான் முழுசாகப் படித்த முதல் குறிப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்காதீர்கள் என்பது. படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நாற்பது வருஷமாகப் பூட்டுக் கடையில் உட்கார்ந்து நான் சொன்னது இதைத்தானே, வாசலுக்கும் பீரோவுக்கும் ஒரே சாவி போட்டால் திருடனுக்குப் பாதி வேலை மிச்சம் என்று. நம்ம பொண்ணு என் தொழிலைத்தான் செய்யறா, இரும்பு மட்டும் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். ஆமா, அவ கையில அழுக்கு இல்ல, உன் கையில சம்பளம் இல்ல, மத்தபடி ரெண்டு பேரும் ஒண்ணுதான் என்றாள். கம்ப்யூட்டர் அசையாமல் நின்றால் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று எழுதினாயே, அதை உன் அம்மா என் மேல் பிரயோகம் பண்ணுகிறாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், போ, போய் அரை மணி படுத்து எந்திரி, அணைச்சுப் போட்டா சரியாயிடும் என்கிறாள். சில நாள் சரியாகவும் ஆகிறது.

குறிப்புக்குக் கீழே நீ பார்த்த படம், தொடர், விளையாட்டு என்று ஒன்றைக் கொண்டாடி எழுதி ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுவாய் அல்லவா, அது முதலில் எனக்குப் பிடிபடவில்லை. வளர்ந்த பெண் விண்கப்பலுக்கும் ரோபோவுக்கும் இப்படி உருகுகிறாளே என்று நினைத்தேன். பிறகு நீ நாலரை நட்சத்திரம் கொடுத்த அந்த விண்கப்பல் தொடரை நாங்களும் பார்க்க உட்கார்ந்தோம். கீழே ஓடுகிற எழுத்தை நான் உரக்கப் படிப்பேன், அம்மா கேட்பாள். என் வேகம்தான் உனக்குத் தெரியுமே. நான் ஒரு வரியை முடிப்பதற்குள் பேசினவன் செத்துப்போவான், அவனுக்காக அழுதவளும் போய்ச் சேர்ந்திருப்பாள். யாரு செத்தான்னே தெரியாம எப்படிய்யா அழுவறது என்று அம்மா சத்தம் போட்டாள். வீடியோவை மெதுவாக ஓட விடுவது எப்படி என்ற உன் தொண்ணூற்றேழாவது குறிப்பைப் பார்த்துப் பாதி வேகத்தில் வைத்தேன். இப்போது எல்லோரும் குடித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இழுத்து இழுத்துப் பேசுகிறார்கள், ஆனால் கதை புரிகிறது. கப்பலில் ஓட்டை அடைத்துக்கொண்டே திரிகிற அந்தச் சின்ன ரோபோவுக்கு அம்மா ஸ்பானர் என்று பேர் வைத்திருக்கிறாள். கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கவில்லை. ஸ்பானர் பிழைக்கிறதா இல்லையா என்று நீ சொன்ன பிறகுதான் பார்ப்பாளாம். நீயும், முடிவைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன் என்றுதான் எழுதியிருந்தாய்.

நீ சொன்ன அந்த நாளைக்கு வரவே இல்லை கண்ணு. அதற்குப் பிறகு வந்த மூன்று குறிப்பிலும் படம் இல்லை, நட்சத்திரம் இல்லை. கடைசியாக வந்த இருநூற்றுப் பன்னிரண்டாவது குறிப்பு ஒரே வரி. செய்கிற வேலையை அவ்வப்போது சேமித்துக்கொள்ளுங்கள், எது எப்போது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான். அதோடு இருபத்தாறு நாளாகப் பக்கம் அப்படியே நிற்கிறது. வேகமாகப் படிக்கிறவர்களுக்கு அது கம்ப்யூட்டரைப் பற்றின வரி. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், ஒவ்வொரு சொல்லிலும் இறங்கி நின்றுவிட்டுப் போகிறவன், எனக்கு அது கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால், நல்லா இருக்கேன்பா, வேலை ஜாஸ்தி, அவ்வளவுதான் என்கிறாய். நாலு ஞாயிறாக அதே வரி, ஒரு எழுத்து மாறவில்லை. முகத்தைக் காட்டும்மா என்றால் கேமரா ரிப்பேர் என்கிறாய். கேமரா வேலை செய்யாவிட்டால் என்ன பண்ண வேண்டும் என்று நாற்பத்தோராவது குறிப்பில் ஐந்து வழி எழுதினவள் நீ. நடுவில் அம்மாவுக்காக, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று போனில் எழுத்தாக அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புகிறாய். கண்ணு, நான் இத்தனை வருஷம் போகிற இடமெல்லாம் கட்டைவிரலை உருட்டிவிட்டு இப்போதுதான் எழுத்துக்கு வந்திருக்கிறேன். நீ எழுத்தை விட்டுவிட்டுக் கட்டைவிரலுக்குப் போயிருக்கிறாய்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. போன தடவை வந்தபோது முன்னறைக் கம்ப்யூட்டரில் உன் பக்கத்தைத் திறந்து வேலை செய்தாய். மூடாமலே ரயிலுக்குக் கிளம்பிவிட்டாய். அடுத்தவர் கம்ப்யூட்டரில் வேலை முடிந்தால் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதினவள் தன் வீட்டில் வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான் இத்தனை மாதமும் அந்தத் திறந்த வாசல் வழியாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியாது. போன வெள்ளிக்கிழமை, புதுக் குறிப்பு இல்லாததால் திரையில் இருந்த மற்ற எழுத்துகளையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். ஓரத்தில் சின்னதாக, வரைவுகள் ஏழு என்று இருந்தது. வரைவு என்றால் என்ன என்று டீச்சரிடம் கேட்டேன், எழுதி வெளியே விடாமல் வைத்திருப்பது என்றார். வீட்டுக்கு வந்து அதை அழுத்தினேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும், தப்புதான். தலைப்புகள் மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன, ஏழும் இந்த இருபத்தாறு நாளுக்குள் எழுதினவை. ஏழுக்கும் ஒரே தலைப்பு. அப்பாவிடம் எப்படிச் சொல்வது. முதலில் என் படிப்பைத்தான் சந்தேகப்பட்டேன். விரலை வைத்து வைத்து மறுபடி கூட்டினேன். எத்தனை தடவை கூட்டினாலும் அதேதான் வந்தது.

அதன் மேல் இன்னும் ஒரு தடவை அழுத்தினால் விஷயம் முழுசும் கண்முன் வந்துவிடும். நான் அழுத்தவில்லை. அம்மாவிடம் சொன்னேன், சொன்னது இரண்டாவது தப்பு. திறந்து படிய்யா, பெத்தவங்க பாக்கக் கூடாதது என்ன இருக்கு என்றாள். அவ எழுதி மூடி வெச்சிருக்காடி, நமக்கு அனுப்பலை என்றேன். ஊர்ல இருக்கிற கதவையெல்லாம் திறந்த கை, பெத்த பொண்ணு கதவுக்கு மட்டும் நடுங்குதா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ பேசினபோது எனக்கு வாய் வரைக்கும் வந்தது. நீ வழக்கமான வரியைச் சொன்னாய், நானும் சரிம்மா என்று வைத்துவிட்டேன். போனில் கேட்டால் நீ இன்னொரு வரியைச் சொல்லி மூடிவிடுவாய் என்று பயம். போனை வைத்ததும் அம்மா எழுந்து நின்று, நீ படிக்கலேன்னா போ, பக்கத்து வீட்டு நர்ஸ் ஆறு மணிக்கு டியூட்டி முடிஞ்சு வருவா, அவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்றேன் என்றாள். உன் அம்மா சொன்னால் செய்கிறவள். அப்போது மணி ஐந்தரை. நான் முன்னறைக்குப் போய் உன் ஐம்பத்தெட்டாவது குறிப்பை ஒவ்வொரு வரியாகப் படித்து, அதில் சொன்னபடியே மேல் ஓரத்தில் உன் பேரை அழுத்தினேன், வெளியேறு என்பதை அழுத்தினேன். உடனே விடவில்லை. வெளியேறினால் மறுபடி நுழையக் கடவுச்சொல் வேண்டும், தொடரலாமா என்று கேட்டது. அதைப் படித்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. குறிப்புகளை ஊரே படிக்கலாம், ஆனால் உன் உள்பக்கத்தைப் பார்க்க எனக்கு இருந்த ஒரே ஜன்னல் அதுதான். வெளியே நர்ஸின் வண்டிச் சத்தம் கேட்டது. ஆம் என்பதை அழுத்திவிட்டேன். அம்மா செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்னோடு பேசவில்லை.

ஏன் என்று நீயும் கேட்பாய், அதனால் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் ஒருவர் கடைக்கு ஓடி வந்து, என் தம்பி உள்ளே பூட்டிக்கொண்டான், கூப்பிட்டால் பதில் இல்லை, சீக்கிரம் வா என்று அழைத்துக்கொண்டு போனார். நான் கதவைத் தட்டக்கூட இல்லை, பூட்டுக்குள் கம்பியை விட்டு ஒரு நிமிஷத்தில் திறந்துவிட்டேன். உள்ளே அந்த ஆள் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லை, தனியாக அழ ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கூடவே இருக்கிறது. அன்றிலிருந்து யார் வந்து நின்று அவசரப்படுத்தினாலும் மூன்று தடவை தட்டுவேன், நான் இன்னார், கதவைத் திறக்க வந்திருக்கிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். அநேகமாக உள்ளே இருக்கிறவர்களே திறந்துவிடுவார்கள். ஒரே ஒரு தடவை காத்திருந்தது தப்பாகப் போனது. அதை இங்கே எழுத எனக்கு மனசு இல்லை. ஆனால் இந்த நாலு நாளாக என் நினைப்பில் இருப்பது முதல் கதவு பாதி, அந்த இன்னொரு கதவு பாதி. இதுதான் உண்மை.

வேலை போயிருக்குமா, உடம்புக்கு ஏதாவதா, யாராவது மனசை நோகடித்துவிட்டார்களா, உனக்கு ஒருவரைப் பிடித்திருந்து நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று பயப்படுகிறாயா, எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்துவிட்டேன், உலகத்தில் நடக்கக்கூடியது எதுவும் பாக்கி இல்லை. அதனால் நீ எதைச் சொன்னாலும் நான் அதை ஏற்கெனவே ஒரு தடவை தாங்கிவிட்டவன். தினமும் வேளைக்குச் சாப்பிடு. அறையிலேயே அடைந்து கிடக்காதே, காலையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வா. வேலைதான் போயிற்று என்றால் போகட்டும், எந்தக் கடையும் ஒரு நாள் ஷட்டரை இறக்கத்தான் வேண்டும், நானே இறக்கவில்லையா. எதையாவது மாற்றினால் என்ன மாற்றினீர்கள் என்று மட்டும் எழுதாதீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்றும் எழுதி வையுங்கள், பின்னால் வருகிறவர்கள் தேடித் தவிப்பார்கள் என்று உன் கூட வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினாயே. பக்கத்தை நிறுத்தினாய், ஏன் என்று எழுதவில்லை. இங்கே இரண்டு பேர் தேடித் தவிக்கிறோம்.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன், அதை எடுத்துப் பார். உனக்கு ஆரம்பிக்கத்தான் வரவில்லை என்று தெரிகிறது, ஏழு தடவை முயற்சி பண்ணியிருக்கிறாய். அதனால் முதல் வரியை நானே எழுதியிருக்கிறேன். அப்பா, நடந்தது இதுதான், என்று. அதற்குக் கீழே மூன்று வரி காலியாக விட்டிருக்கிறேன், கோடு நான் போட்டதுதான், கொஞ்சம் வளைந்திருக்கும். மூன்று வரியை நிரப்பி அனுப்பு. நீளமாக எழுத வேண்டாம், நீளமாக எழுதினால் நான் படித்து முடிக்க ஒரு வாரம் ஆகும். அதற்கும் மனசு வராவிட்டால், இப்போ முடியாதுப்பா என்று இரண்டே சொல் எழுது, அதுவும் எனக்குப் பதில்தான்.

இருபத்தைந்தாம் தேதி வரைக்கும் காத்திருப்பேன். இது நான் தட்டுகிற தட்டு என்று வைத்துக்கொள். அதற்குள் பதில் வராவிட்டால் நானும் அம்மாவும் கிளம்பி வந்துவிடுவோம். இரண்டு நாள் பயணம் எனக்குப் பெரிசில்லை, போனிலேயே ரயில் டிக்கெட் எடுப்பது எப்படி என்ற உன் அறுபத்து மூன்றாவது குறிப்பை நேற்று இரண்டு தடவை படித்துப் பழகிக்கொண்டேன், கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அம்மா பரண்மேல் இருந்த பையை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள். உன் வாசலுக்கு வந்தும் நான் தட்டத்தான் செய்வேன். கம்பி எதுவும் கொண்டு வர மாட்டேன்.

இப்போது அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை எழுதினதை எல்லாம் படித்துக் காட்டினேன், நர்ஸ் விஷயத்தை எடுத்துவிடச் சொன்னாள், எடுக்கவில்லை. ஸ்பானர் செத்தா சொல்லச் சொல்லு, எதுவா இருந்தாலும் தெரிஞ்சுக்கிட்டா தாங்கிக்கலாம், தெரியாமதான் தாங்க முடியலை என்று எழுதச் சொல்கிறாள். ரோபோவைப் பற்றித்தான் சொல்கிறாளா என்று கேட்டேன். நீ எழுதுய்யா என்றாள்.

நீ எங்கே எப்படி இருந்தாலும் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் இரண்டு பேருக்கும் வேறு நினைப்பு இல்லை. மனசும் உடம்பும் தெம்பாக நீண்ட காலம் நலமாக இரு. அந்தத் தாளை மறந்துவிடாதே, தபால்தலை ஒட்டின கவரையும் மடித்து உள்ளேயே வைத்திருக்கிறேன், நீ எழுதிப் பெட்டியில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும் அப்பா
(கைநாட்டு இல்லை, என் கையால் எழுதியது)