பராத் கரின் பெரிய வாசல்

மயூர் விஹார், டில்லி
20-10-2002

அன்பு மகன் சிவகுமாருக்கு அம்மா பாப்பம்மாள் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறேன். மஸ்கட்டில் வெயில் குறைந்ததா? போனில் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுமையாகப் படி.

நம் காலனி பராத் கர் இன்று திறந்தாகிவிட்டது தம்பி. உன் அப்பா ரிட்டயரான பிறகு ரசீதுப் புத்தகத்தோடு எழுபத்திரண்டு வீடும் ஏறி இறங்கினாரே, அந்தக் கல்யாண ஹால்தான். பாதிப் பணம் எம்.எல்.ஏ. நிதி, மீதி நம் வீடுகள் போட்டது.

மே மாதம் செக்ரட்டரி ராஜகோபாலன் சார் இங்கிலீஷில் நோட்டீஸ் ஒட்டினார். அவர் மனைவி காமாக்ஷி மாமியிடமே போய்ப் படித்துச் சொல்லச் சொன்னேன். கூரை போட வீட்டுக்கு ஆறாயிரம் தர வேண்டும், ஹாலில் சுப காரியம் மட்டும்தான் நடக்கலாம் என்று இருந்ததாம். கருமாதி, திதி எதற்கும் கிடையாது. அப்பா கருமாதியை ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நடத்தினோமே, அதுதான் கண் முன்னால் வந்தது. படையல் போடுகிற நேரத்தில் மூன்றாம் மாடி பத்ரா வந்து, ஸ்கூட்டரை எடுக்க வேண்டும், படத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்றார். நீ அவர் சட்டையைப் பிடித்தாய். இனி இந்தக் காலனியில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. சாவு நடந்த வீடாகப் பார்த்துப் போனேன். காரியத்தை எங்கே செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். குப்தா வீட்டில் பார்க்கில், மழையில். பெங்காலி அம்மா வீட்டில் மொட்டை மாடியில், தண்ணீர் டாங்கி பக்கத்தில். இப்படி இருபத்துமூன்று வீடு. அந்த விதியை எடுத்தால்தான் ஆறாயிரம் தருவோம் என்று அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். கூரை நின்றுபோனது.

சார் கொஞ்சம் இறங்கி வந்தார். பின்பக்கம் தகரக் கொட்டகையும் தனி கேட்டும் போட்டுத் தருகிறேன், அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சிலர் சரி என்று தலையாட்டினார்கள். நான் முடியாது என்றேன்.

ஜூன் மாதக் கூட்டத்தில் என்னை எழுந்து பேசச் சொன்னார்கள். என் ஹிந்தி காய்கறி வாங்குகிற ஹிந்திதான், உனக்குத் தெரியுமே. அதிலேயே சொன்னேன். இந்த ஹாலுக்காக என் வீட்டுக்காரர் உங்கள் வீட்டு முன்வாசலில் வந்து நின்றுதான் கேட்டார், அவரைப் பின்வாசல் வழியாக விடாதீர்கள் என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சாவுக் காரியம் நடந்தால் பெண் வீட்டார் யாரும் ஹாலை எடுக்க மாட்டார்கள் என்று சார் ஆரம்பித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து காமாக்ஷி மாமி எழுந்தார்.

“ஏன்னா, உங்கம்மா பதிமூணாம் நாள் சாப்பாட்டை எங்கே போட்டோம்? மாடிப்படியில, படிக்கு ஒரு இலை. மேல் படிக்காரா ரசமெல்லாம் கீழ் படிக்காரா தலையில. மறந்துட்டேளா?”

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் என்ன என்ன என்று கேட்டு, யாரோ ஹிந்தியில் சொல்ல, இன்னொரு தரம் எல்லோரும் சிரித்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கை தூக்குங்கள் என்றார். நம் பக்கம் ஐம்பத்துநாலு கை. எதிர்ப்பக்கம் எட்டே எட்டு.

பத்ராவும் நமக்குத்தான் கை தூக்கினார். முடிந்ததும் என்னிடம் வந்தார். கருமாதி அன்றைக்கு அவர் மகளுக்குப் பிரசவ வலி, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து ஓடியிருக்கிறார். நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீ அன்று போட்ட சண்டை அவரோடு போட்டது இல்லை என்று எனக்குத் தெரியும் தம்பி. கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டபோது நீ அப்பாவுக்குக் கொள்ளி வைக்க எப்படி வந்திருப்பாய்? உன் அப்பா இருந்திருந்தால் அவரே இதைச் சொல்லியிருப்பார்.

இன்று முந்நூறு பேருக்குப் பூரியும் அல்வாவும். கூட்டம் கலைந்த பிறகு சார் புது ரிஜிஸ்தரை விரித்து, பாப்பம்மா, முதல் புக்கிங் உங்களுடையது என்றார். என்ன விசேஷம் என்று கேட்டார். முதல் வருஷத் திதி என்றேன். முதல் பக்கத்தில் முதல் வரியில் ‘திரு. பூவராகவன்’ என்று அப்பா பெயரை எழுதினார். அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சொல்வதற்கு இங்கே ஆளில்லை.

ஐயரிடம் கேட்டுவிட்டேன், ஜனவரி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. லீவை இப்போதே சொல்லி வை. பிள்ளை கையால் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும், அதை நான் செய்ய முடியாது. பெரிய வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வா. யாரும் உன்னை நகரச் சொல்ல மாட்டார்கள்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், ராசா.

வழி பார்த்திருக்கும்
அம்மா