தூக்கினால் நிற்க வேண்டிய மூடி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு பரவாயில்லை. வழக்கமாக அதோடு மற்றபடி எல்லாம் சௌக்கியம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஒன்பது நாளைக்கு முன்னால் நீ போன் பண்ணி, அப்பா டிஷ்வாஷர் ஓட மாட்டேங்குது, பட்டனை அழுத்தினா ஒண்ணுமே வரல, என்ன பாக்கணும்னு கேட்டாய். பின்னால் பேரன் அழுகிறான், பாத்திரம் மலையாகக் கிடக்கிறது என்று வேறு சொன்னாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். நீ திரும்பக் கூப்பிட்டபோது நெட்வொர்க் சரியில்லை என்று அம்மா சமாளித்தாள். நெட்வொர்க்கில் ஒன்றும் இல்லை பாப்பா, கோளாறு என்னிடம்தான். அதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். இதற்குள் சரியாகியிருக்கலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் வேறு ஏதாவது ஒன்றை மாட்டிப் பார், அது ஓடவில்லை என்றால் மெஷினில் தப்பில்லை, உங்கள் வீட்டு மெயின் பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கும். கரண்ட் இருந்தால் தொட்டிக்கு அடியில் இருக்கும் தண்ணிக் குழாய் திறந்திருக்கிறதா பார். பேரன் பட்டனையெல்லாம் நோண்டுகிற வயசு, சைல்டு லாக் போட்டுவிட்டிருப்பான், அந்தப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் போய்விடும். அப்புறம் கதவு. சாத்தும்போது டக்கென்று சத்தம் கேட்க வேண்டும், ஸ்பூனின் காம்போ ஒரு சோற்றுப் பருக்கையோ கொக்கியில் மாட்டியிருந்தால் கேட்காது. இத்தனையும் பார்த்த பிறகும் ஓடவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடு, அவன் பத்து நாள் கழித்து வருகிறேன் என்றாலும் சரி, பத்து நாளும் கையால் கழுவு. கதவு சுவிட்சைத் தாண்டி இரண்டு ஒயரையும் ஒட்டவைத்தால் ஓடும் என்று எவனாவது வீடியோவில் காட்டுவான். ஓடும்தான். நான் அதைச் செய்தேன், அதனால் ஒருத்தியின் கண் போயிற்று.

மைக் அக்காவை உனக்குத் தெரியும். விடுதிச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் பகுதியில் பதினாலு வருஷமாக இருக்கிறாள், உன் கல்யாணத்தில் கூட வாசலில் நின்றுகொண்டு வந்தவர்களையெல்லாம் சத்தம் போட்டுச் சாப்பிட விரட்டினாளே, இவ இருக்கும்போது மைக் செட்டுக்கு எதுக்குத் தனியா ஆளுன்னு உன் மாமா கேட்டாரே, அவள்தான். நான் அங்கே எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த வருஷம்தான் அவளும் சேர்ந்தாள். என்னை அண்ணே என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பெரிய மெஷின் நின்றுவிட்டது. உங்கள் வீட்டில் இருப்பது மாதிரி இல்லை, ஆள் உயரம் இருக்கும், தட்டு அடுக்கிய கூடையை உள்ளே தள்ளி மேலேயிருந்து மூடியை இழுத்து இறக்கினால் ஓட ஆரம்பிக்கும். அன்றைக்குக் கரண்ட் விளக்கு எரிகிறது, மூடியை இறக்கினால் அசைவே இல்லை. நான் உனக்குச் சொன்ன அதே வரிசையில்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், கரண்ட் வருகிறது, தண்ணி வருகிறது, மோட்டார் நன்றாக இருக்கிறது, கடைசியில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தால் மூடியின் சுவிட்ச் செத்துக் கிடந்தது. மூடி இறங்கியிருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்வது அந்தச் சுவிட்ச்தான், ஓடும்போது யாராவது மூடியைத் தூக்கினால் தண்ணியை உடனே நிறுத்துவதும் அதுதான். ஸ்பேர் வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்கள். மணி பத்து, மதியத்துக்கு எழுநூறு தட்டு, அன்றைக்குக் கழுவுகிற ஆட்களில் இரண்டு பேர் லீவு. மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்று, ஏதாவது பண்ணுங்க, நீங்க நெனச்சா ஓட வைக்கலாம், எனக்குத் தெரியாதான்னு சொன்னார். ஒயரை ஒட்டு என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஓட வைக்கலாம் என்று எனக்கும் தெரியும், அப்படிச் சொன்னதும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். விரல் நீளத்துக்கு ஒரு நீல ஒயரை வெட்டி இரண்டு முனையையும் சேர்த்தேன், மெஷின் ஓடியது, கழுவுகிற பெண்கள் கை தட்டினார்கள். மூடியைத் தூக்கினா இனிமே நிக்காது, ஓடுறப்ப எரியிற விளக்கு அணைஞ்ச பிறகுதான் தூக்கணும்னு அங்கே இருந்தவர்களிடம் இரண்டு தடவை சொன்னேன். ஒரு பேப்பரில் எழுதி ஒட்டிவிடலாம் என்று டேப் தேடினேன், அதற்குள் மூணாவது மாடியில் தண்ணி மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

லீவில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தி மைக் அக்கா. மகளைக் கல்லூரியில் சேர்க்க அலைந்துகொண்டிருந்தாள். வியாழக்கிழமை வேலைக்கு வந்தாள், வந்ததும் சீட் கிடைத்துவிட்டது என்று சமையற்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள். முதல் கூடையை உள்ளே விட்டாள், அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு டம்ளர் புரண்டு கடகடவென்று சத்தம் போட்டிருக்கிறது, பதினாலு வருஷமாகச் செய்கிற மாதிரி மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். கடைசி அலசலுக்கு வருகிற தண்ணி கொதிக்காத குறை, எண்பது டிகிரிக்கு மேல் இருக்கும். முகத்தின் வலது பக்கம், கழுத்து, தோள். நான் பின்கட்டில் இருந்தேன், அந்த அலறல் கேட்டபோது அது அவள் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். அவளை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் இன்னும் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் மேனேஜர் என் காதருகே வந்து, அந்த ஒயரை எடுத்துடுங்கன்னு சொன்னார். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வைத்திருந்தார், புது சுவிட்ச். அது முந்தின நாள் சாயங்காலமே வந்து அவர் மேசையில் கிடந்திருக்கிறது பாப்பா, யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. தரையில் தண்ணி காயுமுன்னே நீல ஒயரைப் பிடுங்கிவிட்டுப் புதுசை மாட்டினேன், பத்து நிமிஷம் ஆகியிருக்காது. அந்தப் பத்து நிமிஷமும் ஸ்குரூவைக்கூட ஒவ்வொன்றாக எண்ணி வைத்து ஒழுங்காக வேலை பார்த்தேன், இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது. மறுநாள் விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். மெஷினை ஓடவிட்டு நாலு தடவை மூடியைத் தூக்கிப் பார்த்தார், நாலு தடவையும் அது சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி அப்படியே நின்றது. மெஷினில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதி நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை, வேலை வேலை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது நாள் பழம் வாங்கிக்கொண்டு போனேன். பாதி முகத்துக்குக் கட்டு, வாயைத் திறந்தால் தோல் இழுக்கிறது என்று முணுமுணுப்பாகத்தான் பேசினாள், காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. அண்ணே, எனக்கே புரியல, தூக்கினா நின்னுடும்னு நெனச்சேன், எங்கேயோ புத்தியை வெச்சுக்கிட்டு ஏதோ தப்புப் பண்ணிட்டேன், மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டாள். மேனேஜர் வந்து, கவனக்குறைவால் நடந்தது என்று ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார், அந்தப் பேப்பர் இருக்கிறவரை அவளுக்கு நஷ்டஈடு என்று எதுவும் கிடைக்காது. மெஷினுக்கு ஒண்ணும் ஆகலைன்னு நான் பதில் சொன்னேன். வேறு எதுவும் சொல்லாமல் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், உன் போன்.

போனை வைத்த பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்து, அந்த ஒயர் எங்கேன்னு மட்டும் கேட்டாள். டூல் பையில் கிடந்தது, எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இத்தனூண்டான்னு சொன்னாள். அப்புறம், நாளைக்கு நீங்க போகலைன்னா நான் போவேன்னு சொன்னாள். மறுநாள் அதே அதிகாரியிடம் போய் ஒயரை மேசையில் வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை, என்னை உட்காரச் சொல்லி, இதை எழுதிக் குடுத்தா முதல்ல மாட்டுறது நீங்கதான், மேனேஜர் சொன்னதுக்கு உங்ககிட்ட எந்த ஆதாரமும் இல்லை, யோசிச்சுக்கோங்கன்னு சொன்னார். ஏற்கெனவே ரொம்ப நாள் யோசிச்சாச்சு சார்னு சொல்லிவிட்டு எழுதினேன்.

அங்கேயிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன், ஒட்டினது நான், உனக்குச் சொல்லாம விட்டதும் நான், ராத்திரிக்குள்ள எல்லாருக்கும் தெரியும், அதுக்கு முன்னாடி நீ என் வாயால கேக்கணும்னு. அவள், அப்ப நான் ஒழுங்காத்தான் தூக்கினேனான்னு கேட்டாள். ஆமா, உன் பேரில ஒரு தப்பும் இல்லைன்னு சொன்னேன். அவ்வளவுதான், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஓவென்று அழுதாள், தோல் இழுக்கிறதையெல்லாம் மறந்து அவளுடைய பழைய குரலில் அழுதாள், நர்ஸ் ஓடி வந்து என்னை வெளியே போகச் சொன்னார். நான் கதவுகிட்டே போகும்போது, இனிமே இங்க வராதீங்கன்னு சொன்னாள். அண்ணே என்று சொல்லவில்லை. வலது கண்ணுக்கு இனிப் பார்வை வராது என்று முந்தாநாள் டாக்டர் சொல்லிவிட்டாராம், அம்மா போய்க் கேட்டு வந்தாள். அம்மாவை உள்ளே விடுகிறார்கள்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேனேஜர், அந்த ஒயர் விஷயமே எனக்குத் தெரியாது, அவராகப் பண்ணினதுன்னு எழுதிக் கொடுத்துவிட்டார். கை தட்டின பெண்களில் ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை, அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. போலீஸ் வழக்கு வரும் என்கிறார் வக்கீல், சில மாதம் உள்ளே இருக்க வேண்டி வரலாம் என்றும் சொல்கிறார். நீ உடனே டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே, வந்து செய்ய ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டு. எங்கப்பா நல்லவரு, மேனேஜர்தான் கட்டாயப்படுத்திட்டாருன்னு மட்டும் யாரிடமும் சொல்லாதே. அவர் கேட்டார், கை வைத்தது நான்.

நேற்று மைக் அக்காவின் மகள் வீட்டுக்கு வந்தாள். நஷ்டஈட்டுக்கு மனுப் போட என் வாக்குமூலத்தின் நகல் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டோம், வரவில்லை, வாசற்படியிலேயே நின்று ஒரு வரி விடாமல் படித்தாள். பத்தொன்பது வயசுதான் இருக்கும். ஓரிடத்தில் விரலை வைத்து, எச்சரிக்கை எழுதி ஒட்ட மறந்துட்டேன்னு எழுதியிருக்கீங்க, மறந்தீங்களா, விட்டுட்டீங்களான்னு கேட்டாள். புதன்கிழமை காலையில் அந்த மெஷினைத் தாண்டிப் போகும்போது பேப்பர் ஞாபகம் வந்தது பாப்பா. இருக்கிறவங்களுக்குத்தான் தெரியுமே, இன்னும் ஒரு நாள்தானே என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். இதை அதிகாரியிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை, எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. விட்டுட்டேன்மான்னு சொன்னேன். அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். மறந்துவிட்டேன் என்பதை அடித்துவிட்டு விட்டுவிட்டேன் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அதிகாரியிடம் இருப்பதிலும் மாத்துங்கன்னு சொன்னாள். காலையில் போய் மாற்றிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பேரனுக்குச் சளி பிடித்தால் உடனே கவனி, உன் சாப்பாட்டையும் தள்ளிப்போடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதைச் சொல்கிற தகுதி எனக்கு இன்னும் இருக்கிறதோ இல்லையோ, மனசாரச் சொல்கிறேன். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அம்மா உன் போனுக்காகக் காத்திருப்பாள், அவளிடம் பேசு. நானும் அந்த அறையில்தான் இருப்பேன். அப்பாவிடம் கொடு என்று நீ சொன்னால் வாங்கிக்கொள்வேன், சொல்லாவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா