புதன்கிழமைக் குரல்

போர்ட்லண்ட்
அக்டோபர் 12, 1947

அன்புள்ள எமெட்,

நீ நலமாக இருப்பதாக ரேடியோ சொல்கிறது. ஆனால் போன புதன்கிழமை இருமலை அடக்கிக்கொண்டுதானே பேசினாய்? துறைமுகச் சண்டையில் ஓரிடத்தில் உனக்கு மூச்சு வாங்கியது. நீ குரல் கொடுக்கும் நாடக வீரன் சாம்பல் கையுறைக்குக் குண்டடி பட்டுவிட்டதென்று ஊரெல்லாம் பதறியிருக்கும். உன் மார்ச்சளி எனக்கல்லவா தெரியும்.

இங்கே மழை விட்டபாடில்லை. ஹில்டா அக்கா முகம் சுளிக்காமல்தான் இருக்கிறாள். ஆனாலும் இரண்டு வருஷம் விருந்தாளியாக இருப்பது எனக்கே அலுத்துவிட்டது. வக்கீல் விவாகரத்துக் காகிதங்களை அனுப்பியிருக்கிறார். சாப்பாட்டு மேசைமேல் கிடக்கின்றன. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபப்படத் தெம்பில்லை. அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து என்னோடு இருப்பதானால் சொல். முடியாதென்றால் அதையும் சொல்லிவிடு.

வெர்னா


சிகாகோ
அக்டோபர் 17

என் வெர்னா,

இருமல் உண்மைதான். நாடு முழுவதும் கேட்டது, உனக்கு மட்டும்தான் தெரிந்தது.

இங்கே எதுவும் மாறவில்லை. சாயங்காலம் நாட்டின் கிழக்குப் பக்கத்துக்கு ஒருமுறை பேசுகிறோம். மூன்று மணி நேரம் கழித்து, கடிகாரம் பின்தங்கிய உங்கள் மேற்குப் பக்கத்துக்காக அதே நாடகத்தை முதலிலிருந்து மறுபடி பேசுகிறோம். நாடகத்துக்குச் சத்தம் எழுப்பும் லூ, கத்திக்குத்து வந்தால் இன்னமும் முட்டைக்கோஸில்தான் கத்தியைச் செருகுகிறான். முதல் கொலைக்கு ஒரு கோஸ், இரண்டாவதற்கு இன்னொன்று. "புதன்கிழமைன்னாலே எங்க வீட்ல கோஸ் சூப்புதான்பா. கொலை பண்றது எவனோ, திட்டு வாங்குறது நானு" என்கிறான்.

இடைவேளையில் மற்றவர்கள் எதிர்க்கடைக்குச் சாப்பிடப் போகிறார்கள். நான் ஷூவைக் கழற்றிவிட்டு நாற்காலியில் கிடக்கிறேன். ஒரே திருடனை ஒரே நாளில் இரண்டு தரம் பிடிப்பது எவ்வளவு அலுப்பு தெரியுமா? இரண்டாம் தரமாவது அவன் தப்பித்துத் தொலையட்டுமே என்று தோன்றுகிறது.

நிகழ்ச்சிக்குப் பணம் போடுகிற, அஜீரணத்துக்கு வயிற்று உப்பு விற்கும் கம்பெனிக்காரர் பாகெட்டை உனக்கு நினைவிருக்கும். என் பெயரை எங்கும் சொல்லக்கூடாது என்பது அவர் போட்ட விதி. ஜனங்கள் சாம்பல் கையுறை நிஜமான ஆள் என்று நம்ப வேண்டுமாம். "அந்தாளுக்குக் காய்ச்சலும் வரக்கூடாது, பொண்டாட்டியும் இருக்கக்கூடாது" என்கிறார். அவரிடம் பேசிப் பார்க்கிறேன். வர வேண்டும் என்றுதான் இருக்கிறது, வெர்னா.

உன் எமெட்


போர்ட்லண்ட்
அக்டோபர் 22

அன்புள்ள எமெட்,

"பேசிப் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்துவிட்டு ஹில்டா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஈஸ்டருக்கு, முந்தின புதனன்றே வருகிறேன் என்றாய். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் நின்றேன். எல்லோரும் இறங்கினார்கள், நீ இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டால், சிகாகோவில் ஒரு வங்கிக் கொள்ளைக்காரனின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறாய். ஜூலையிலும் இதே கதை. ஊரான் வீட்டு விதவைக்கெல்லாம் ஓடி உதவுகிறவனுக்குச் சொந்தப் பெண்டாட்டியின் விலாசம் மட்டும் தெரியவில்லை. உன் வாக்கெல்லாம் நீர்மேல் எழுத்து.

அதனால் இனி உன் கடிதத்தை நம்பமாட்டேன், ரேடியோவைத்தான் நம்புவேன். சாம்பல் கையுறையின் வசனத்தை வேறொருவன் பேசக் கேட்டால், நீ ரயில் ஏறிவிட்டாய் என்று எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருகிறேன். உன் குரலே வந்தால், அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

வெர்னா


சிகாகோ
அக்டோபர் 29

என் வெர்னா,

சொல்லிவிட்டேன். பாகெட் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்துவிட்டது. "நீ போயிட்டா அந்தக் குரலுக்கு நான் எங்கய்யா போவேன்?" என்றார். "எனக்கும் ஒரு வீடு வேணும் சார்" என்றேன். அதைக் கேட்க எனக்கே பரிதாபமாக இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும், போய்க்கொள் என்று கையை ஆட்டிவிட்டார்.

மில்வாக்கியிலிருந்து ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள். நல்ல தொண்டை. வரும் புதன்கிழமை அவன்தான் பேசப்போகிறான். நான் நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ரயில் ஏறுகிறேன். வியாழன் காலை போர்ட்லண்டில் இறங்குவேன். நீ கேட்ட அத்தாட்சி இதுதான். புதனன்று ரேடியோவைப் போட்டுக் கேள்.

பயமாகவும் இருக்கிறது. இந்த வேலையைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. ஆனாலும் வருகிறேன்.

உன் எமெட்


போர்ட்லண்ட்
நவம்பர் 5

எமெட்,

இப்போதுதான் நிகழ்ச்சி முடிந்தது. ஹில்டா உனக்காக ஆப்பிள் பை பலகாரம் செய்து வைத்திருந்தாள். நானும் கோட்டைத் துலக்கி வைத்திருந்தேன். முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது, அது மில்வாக்கிக்காரன் இல்லை. இத்தனை வருஷம் ஒரே தலையணையில் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா?

எரிகிற வீட்டிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "பயப்படாதம்மா, நான் வந்துட்டேன்" என்றாய். "நிறுத்திடவாடி?" என்று ஹில்டா கேட்டாள். வேண்டாம், அவள் பிழைக்கட்டும் என்றேன். அவள் பிழைத்ததும் கையெழுத்துப் போட்டேன்.

நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். இதைச் சிகாகோ விலாசத்துக்கே அனுப்புகிறேன், நீ அங்கேதானே இருக்கிறாய். இனி எழுத வேண்டாம். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

வெர்னா


ஹில்டா வீட்டு வாசல்
நவம்பர் 6

வெர்னா,

கதவுக்கு அடியில் இதைத் தள்ளுகிறேன். ஹில்டா கதவைப் பாதி திறந்து, "உன் குரலையே கேக்கமாட்டாளாம். ராத்திரி ரேடியோல பேசி முடிச்சுட்டு விமானத்துல வந்திருக்க, அடுத்த புதனுக்குத் திரும்பிப் போயிடுவன்னு சொல்றா. சொல்றதை எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டுச் சாத்திவிட்டாள்.

நான் ரயிலில்தான் வந்தேன். ஸ்டேஷனில் உன்னைக் காணாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி தூக்கும் ஆளிடம் வழி கேட்டபோது, "நேத்து ரேடியோல தீக்குள்ள பூந்து ஒரு பொம்பளையக் காப்பாத்தினாரே, உங்க குரல் அவருது மாதிரியே இருக்கு சார்" என்றான்.  உடனே லூவுக்கு டெலிபோன் செய்தேன்.

"மில்வாக்கிப் பையன் ஒத்திகையிலேயே உளறிட்டான்பா. பாகெட் பயந்துபோய் உன் குரல் பதிஞ்ச தட்டைச் சுத்த விட்டுட்டார். இன்னும் ரெண்டு மாசத்துக்குத் தட்டு இருக்கு. நீ செத்தாக்கூட உன் குரல் வரும்" என்றான்.

கோடையில் எனக்குத் தொண்டை கட்டியது இல்லையா? அது தேறியதும், பின்னால் உதவும் என்று சில புது நாடகங்களைப் பேச வைத்து இசைத்தட்டில் பதிவு செய்துகொண்டார்கள். இதுவரை எல்லாமே நேரடி ஒலிபரப்புதான் என்பதால் அதை நான் மறந்தே போனேன். நேற்று அந்தப் பெண்ணைக் காப்பாற்றியபோது நான் ரயிலில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

டிக்கெட்டை ரயில்காரர் வாங்கிக்கொண்டார். காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது. படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

எமெட்


உள்ளேயிருந்து
அதே நாள்

எமெட்,

படித்தேன். தட்டு என்கிறாய், லூ என்கிறாய். இருக்கலாம். நீ எதைச் சொன்னாலும் நம்பும்படி இருக்கிறது, அதுதான் உன்னோடு பெரிய தொந்தரவு.

கையெழுத்துப் போட்ட காகிதங்களை ஹில்டா இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன். கிழிக்கவில்லை. தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன், உள்ளே வந்து எதையாவது சாப்பிடு. கூடத்து சோபாவில் படுத்துக்கொள்.

வருகிற புதன்கிழமை நான் ரேடியோவைப் போடுவேன். அந்தச் சாம்பல் கையுறை யாரை வேண்டுமானாலும் காப்பாற்றட்டும். அவன் பேசி முடிக்கும்வரை நீ என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திரு.

வெர்னா